மடலும் ஒரு முகமே

கடிதத்துக்கு நம் முன்னோர் வழங்கிய பெயர்களுள் மிக அழகானது 'திருமுகம்' என்பது. மன்னர் விடுத்த ஓலைக்கு அப்பெயர் வழங்கிற்று. திருத்தூதர் எழுதிய மடல்களையும் நாம் இன்றளவும் அப்பெயராலேயே அழைக்கிறோம். தொலைவில் இருப்பவரை நேரில் காண இயலாத வேளையில், அவர் எழுதி அனுப்பிய ஓலையே அவருடைய முகமாக நம்முன் வந்து நிற்கிறது. அச்சொல் நமக்கு உணர்த்தும் பொருள் இதுவே எனலாம்.

இன்று செய்திக்குப் பஞ்சமில்லை. விழித்தது முதல் உறங்கும்வரை கைப்பேசி வழியாகச் செய்தி வந்து குவிகிறது. ஆயினும், அச்செய்திகளுள் நம்மைப் பெயர் சொல்லி அழைப்பவை எத்தனை? நம் வீட்டுத் துன்பத்தை அறிந்த ஒருவர், நம்மையே நினைத்து எழுதியவை எத்தனை? செய்தி பெருகி முகம் மறைந்த காலம் இது. இத்தகைய காலத்தில், நம் பங்குகளில் ஒருகாலத்தில் வழங்கிவந்து பின்னர் நின்றுபோன பங்கு மடலை மீண்டும் கைக்கொள்வது நன்மை பயக்குமா என்பதைப் பற்றி வாசக அன்பர்களோடு சற்றே சிந்திக்க விழைகிறோம்.

நிலையற்ற வாழ்வு

பல்லடத்திலிருந்து காங்கயம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது பொங்கலூர். பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் நீரும், தென்னந்தோப்பும், கோழிப்பண்ணையும், விசைத்தறியும் இவ்வட்டாரத்தின் அடையாளங்கள். எனினும், இங்குள்ள குடும்பங்கள் பலவற்றின் அடுப்பு எரிவது திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளின் வாரச் சம்பளத்தால்தான். கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்னும் சொற்கள் இங்குள்ள குழந்தைகளுக்கும் தெரியும். ஆர்டர் வந்தால் ஒன்றரை ஷிப்டு. ஆர்டர் குறைந்தால் அரை வாரம் வீட்டிலிருப்பு.

இத்தொழில் கண்ட இடர்கள் சிலவா? நொய்யல் ஆற்றின் மாசு தொடர்பாகச் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின்படி, 2011ஆம் ஆண்டு ஜனவரியில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஆற்றைக் காக்க அந்த ஆணை தேவையாயிருந்தது. எனினும், அதன் சுமை கூலி பெற்று வாழ்ந்தோர் தலையிலும் இறங்கிற்று. 2016 நவம்பர் 8ஆம் நாள் உயர்மதிப்புப் பணத்தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. வாரக் கூலியை ரொக்கமாகப் பெற்றுவந்த இல்லங்கள் திகைத்தன. 2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு. 2025 ஆகஸ்டு 27 முதல் பெரும்பாலான இந்தியப் பொருள்கள்மீது அமெரிக்கா மொத்தம் 50 விழுக்காடு வரி விதித்தபோது, ஏற்றுமதியை நம்பி வாழ்ந்த இவ்வூர்த் தொழிலாளர் மீண்டும் அஞ்சினர். உலகின் ஏதோ ஒரு மூலையில் இடப்படும் ஒரு கையொப்பம், இங்கே ஒரு தாயின் சனிக்கிழமைச் சம்பளத்தைக் குறைத்துவிடுகிறது.

இவ்விடர்களினும் கொடியது ஒன்று உண்டு. வேலை குறைந்த குடும்பம் வெளியில் சொல்வதில்லை. காணிக்கை இட வழியில்லையே என்று நாணி, முதலில் ஞாயிறு திருப்பலிக்கு வருவதை நிறுத்துகிறது. பின்னர் அன்பியக் கூட்டத்துக்கு வருவதில்லை. ஒருநாள் வாடகை வீடு பூட்டியிருக்கும். சொந்த ஊருக்குச் சென்றார்களா, வேறு ஊரில் வேலை தேடிச் சென்றார்களா என்பது அண்டை வீட்டாருக்கும் தெரியாது. திண்டுக்கல், திருச்சி, இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்து வந்தவர்களும், ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் வாழும் இப்பகுதியில், ஒரு குடும்பம் ஓசையின்றி வந்து ஓசையின்றி மறைவது அரிதன்று. பிழைப்பை இழந்த குடும்பத்துக்கு, தன்னைத் தேட ஒருவரும் இல்லை என்னும் எண்ணம் இரண்டாவது இழப்பாகிறது.

கூடாரத் தொழிலாளர் இருவர்

இவ்வாறு ஊர்விட்டு ஊர் பெயரும் தொழிலாளரைத் தொடக்கத் திருச்சபையும் நன்கு அறிந்திருந்தது. அக்கிலா, பிரிஸ்கா என்னும் கணவன் மனைவியரை எண்ணிப் பாருங்கள். கூடாரம் செய்வது அவர்களுடைய தொழில். கிளவுதியு பேரரசனின் ஆணையால் உரோமையை விட்டு வெளியேறிக் கொரிந்து நகருக்கு வந்தவர்கள் அவர்கள். நம் முன்னோர் சின்னப்பர் என அழைத்த பவுலடியாரும் அதே தொழில் அறிந்தவராதலால், அவர்களோடு தங்கி வேலை செய்தார். பின்பு அவர்கள் எபேசு சென்றனர். மீண்டும் உரோமை சேர்ந்தனர். துணியும் தோலும் ஊசியுமாக நகர் நகராகப் பெயர்ந்த அவ்விருவரின் வாழ்வு, நம் திருப்பூர்த் தையல் தொழிலாளரின் வாழ்வுக்கு எத்துணை நெருக்கமானது!

உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் இறுதி அதிகாரத்தைப் பலர் விரைந்து கடந்துவிடுவர். அங்கே ஆழ்ந்த இறையியல் இல்லை. வெறும் பெயர்ப் பட்டியல்தானே என்பர். ஆனால் உற்று நோக்குங்கள். இருபதுக்கும் மேற்பட்டோரைத் திருத்தூதர் தனித்தனியே பெயர் கூறி வாழ்த்துகிறார். அக்கிலாவும் பிரிஸ்காவும் அவ்வரிசையில் முன்னிற்கின்றனர். இன்னார் மிகவும் உழைத்தவர், இன்னார் என்னோடு சிறையிருந்தவர், இன்னாருடைய தாய் எனக்கும் தாய் போன்றவர் என ஒவ்வொருவருக்கும் ஒரு சொல் சேர்த்துக் கூறுகிறார். திருத்தூதர் சொல்லச் சொல்ல எழுதிய தெர்த்தியுகூடத் தம் பெயரால் ஒரு வாழ்த்தை இடையில் சேர்த்துவிடுகிறார். திருத்தூதர் அதுவரை நேரில் சென்றிராத நகரம் உரோமை. அந்நகரத்துச் சபையைத் தம்மோடு பிணைக்க அவர் கைக்கொண்ட வழிகளுள் இப்பெயர்களும் ஒன்று.

மணப்பாட்டிலிருந்து வந்த மடல்கள்

நம் தமிழ் மண்ணிலேயே இதற்கொரு சான்று உண்டு. 1542ஆம் ஆண்டு இந்தியா வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பணியாற்றினார். 1544ஆம் ஆண்டு அக்கரையோர மக்களுக்குப் பெருந்துன்பம் நேர்ந்த ஆண்டு. வடுகர் படையினர் கன்னியாகுமரிப் பகுதியைத் தாக்கினர். மக்கள் கடலிலுள்ள பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் வாடினர். சவேரியார் உணவுப் பொருள்களை ஏற்றிய இருபது தோணிகளோடு மணப்பாட்டிலிருந்து அவர்களைக் காக்கப் புறப்பட்டார். ஆனால் எதிர்க்காற்று அவரைப் போகவிடவில்லை.

இச்செய்திகளையெல்லாம் நாம் அறிவது எவ்வாறு? கடற்கரையின் மற்றொரு பகுதியில் பணியாற்றிய தம் உடன் ஊழியர் பிரான்சிஸ்கு மன்சில்லாஸ் என்பவருக்குச் சவேரியார் அவ்வாண்டில் இருபதுக்கும் மேற்பட்ட மடல்களை எழுதினார். அவை சிறு மடல்களே. இன்ன ஊருக்குச் செல்லும், இன்னாருக்கு உதவும், பிள்ளைகளுக்குச் செபம் கற்பியும், மக்களிடம் பொறுமையாயிரும் என்பன போன்ற அன்றாடச் செய்திகளே அவற்றில் மிகுதி. படை எப்போது வரும் என்று எவரும் அறியாத நாள்களில், ஊரிலிருந்து ஊருக்கு ஆள்வழிச் சென்ற அச்சிறு மடல்களே, சிதறிக் கிடந்த கடற்கரைச் சபையை ஒன்றாகக் கோத்தன.

இதே சவேரியார் 1546ஆம் ஆண்டு மே மாதத்தில், இன்றைய இந்தோனேசியாவைச் சேர்ந்த அம்போயினாத் தீவிலிருந்து ஐரோப்பாவிலுள்ள தம் சபைச் சகோதரர்க்கு எழுதினார். அவர்கள் தமக்கு அனுப்பிய மடல்களிலிருந்து, அவர்கள் கைப்பட எழுதிய பெயர்களை வெட்டியெடுத்துத் தம்மோடு எப்போதும் சுமந்து திரிவதாக அம்மடலில் தெரிவிக்கிறார். கடல் கடந்த தனிமையில், நண்பர் எழுதிய அறிவுரைகளோடு அவர்தம் பெயர்களும் அவருக்குத் துணை நின்றன. கையால் எழுதப்பட்ட ஒரு பெயரின் வலிமையை இதைவிடத் தெளிவாக எவர் காட்டக்கூடும்?

மன்சில்லாசின் கதையும் சிந்தனைக்குரியது. அவர் பின்னர்ச் சொன்ன இடத்துக்குச் செல்லாமையால், சவேரியாரே 1548ஆம் ஆண்டு அவரைச் சேசு சபையிலிருந்து விலக்கினார். ஆயினும், சவேரியாரின் மறைவுக்குப் பின் அவருடைய புனித வாழ்வு குறித்து விசாரணை நடந்தபோது, கொச்சியில் சான்று பகர்ந்தோருள் மன்சில்லாசும் ஒருவர். உறவு அறுந்த பின்னும் அவர் நெஞ்சில் நன்றி அறுபடவில்லை.

வேறு களங்களில்

மடலால் மக்களைப் பிணைக்கும் இவ்வழி சமயத்துக்கு மட்டும் உரியதன்று. நாடு விடுதலை பெற்று, பிரிவினைத் துயரில் தவித்த 1947ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், பிரதமர் நேரு மாகாண முதல்வர்களுக்கு முதல் மடலை எழுதினார். இரு வாரங்களுக்கு ஒரு மடல் என்பது நோக்கம். இடையிடையே தாமதம் நேர்ந்தாலும் 1963 வரை அவ்வழக்கத்தை அவர் கைவிடவில்லை.

ஜெர்மனியில் இட்லர் ஆட்சிக்காலத்தில், தீத்ரிக் போனோபர் என்னும் லூத்தரன் போதகர் பிங்கன்வால்டு என்னுமிடத்தில் குருமாணவர்க்குப் பயிற்சி அளித்துவந்தார். 1937ஆம் ஆண்டு இரகசியக் காவல்துறையினர் அந்நிலையத்தை மூடினர். சிதறிய மாணவர்களுக்கு அவர் சுற்றுமடல்கள் எழுதினார். போரில் அவர்களுள் பலர் மாண்டபோது, மாண்டவர்களின் பெயர்களைச் சொல்லி அம்மடல்களில் நினைவுகூர்ந்தார். நிலையம் மூடப்பட்டது, ஆனால் குடும்பம் கலையவில்லை. 1945ஆம் ஆண்டு ஏப்ரலில் அவரே தூக்கிலிடப்பட்டார்.

தமிழகத்தில், கட்சிச் சார்பு கருதாமல் ஒன்றைச் சுட்டலாம். நெருக்கடி நிலைக் காலத்தில் செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டன. கைதானோர் பெயர்களை வெளியிட வழியில்லை. அப்போது 'முரசொலி' ஏடு, அண்ணா நினைவு நாளில் அவர்தம் நினைவிடத்துக்கு வர இயலாதவர்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. படித்தவர்கள் புரிந்துகொண்டனர். சிறையிலிருப்பவர் யார் என்று அறியாது கலங்கிய வீடுகளுக்கு அப்பட்டியலே மடலாயிற்று. திருத்தூதர் காலம் முதல் நம் காலம்வரை, இடர் சூழும்போது மனிதர் முதலில் தேடுவது தம்மவர் பெயரையே என்பதற்கு இவை சான்றுகள்.

மீண்டும் ஒரு தாள்

முன்னாளில் நம் பங்குகள் சிலவற்றில் ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் பொறியில் மையுருட்டி, பங்கு மடல் எடுப்பதுண்டு. கையெல்லாம் மை, எழுத்தெல்லாம் மங்கல். ஆயினும் மக்கள் அதனைப் பத்திரப்படுத்தினர். பின்னர்க் கைப்பேசி வந்தது; வாட்ஸ்அப் குழு வந்தது; மடல் நின்றது. திருப்பலி நேர மாற்றத்தையும் அடக்கச் சடங்கு நேரத்தையும் நொடியில் அறிவிக்க வாட்ஸ்அப் மிகவும் பயன்படுகிறது. அதனைக் குறைகூற விரும்பவில்லை. ஆனால், அதில் இன்று வந்தது நாளை மேலேறி மறைந்துவிடுகிறது. சிம் மாற்றியவர் குழுவிலிருந்து விடுபடுகிறார். கைப்பேசி இல்லாத பாட்டிக்கு எதுவும் எட்டுவதில்லை. நூறு பேர் பார்க்கும் இடத்தில் தன் துன்பத்தை எவர் எழுதுவார்?

ஆகவே, எங்கள் பகுதியில் மடலை மீண்டும் தொடங்கினோம். மாதம் ஒரு தாள்; இருபக்கம். பங்குத்தந்தை எழுதிக் கையொப்பமிடுகிறார். முதல் ஞாயிறு முடிந்ததும் அன்பியப் பொறுப்பாளர்கள் வீடு வீடாகச் சென்று கையில் கொடுக்கின்றனர். கோயில் வாசலில் அடுக்கிவைத்தால் எளிதன்றோ என்பார் உளர். எளிதுதான், ஆனால் வாசலுக்கு வாராதவருக்கே இம்மடல் மிகவும் தேவை. தாளைக் கொடுக்கச் செல்பவர் கதவைத் தட்டுகிறார், நலம் விசாரிக்கிறார், வீடு பூட்டியிருந்தால் அன்றே நமக்குத் தெரிகிறது.

மடலில் என்ன இருக்கும்? பிறந்த குழந்தையின் பெயர், மணமக்களின் பெயர், இறந்தவரின் பெயர், புதிதாகக் குடிவந்தவரின் பெயர், ஊர்விட்டுச் சென்றவருக்கு ஒரு வாழ்த்து. ஈ.எஸ்.ஐ. அட்டை, வருங்கால வைப்பு நிதி எண் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டியதன் தேவை பற்றி ஒரு பத்தி. எத்தொழில் தெரிந்தவருக்கு எங்கே இடமுண்டு என்று கேள்விப்பட்டவர் தரும் குறிப்பு. வட மாநிலத் தொழிலாளருக்கென அரைப்பக்கம் இந்தியில். அவர்களுள் ஒருவரே அதனை எழுதித் தருகிறார். தாளின் அடியில் வெட்டித் தரத்தக்க ஒரு வெற்றிடம். அதில் எவரும் மறுமொழி எழுதலாம்.

வேலை இழந்தவர் பெயர்

அம்மறுமொழிகளுள் ஒன்று எங்களை நீண்ட நேரம் சிந்திக்க வைத்தது. பேக்கிங் பிரிவில் பணியாற்றும் ஒரு தாய் எழுதியிருந்தார்: "சாமி, மடலில் கல்யாணம் ஆனவர் பெயர் வருகிறது, பிள்ளை பெற்றவர் பெயர் வருகிறது. வேலை போனவர் பெயரும் வருமா?"

எளிய வினாதான். விடை எளிதன்று. பெயரை அச்சிட்டால் அக்குடும்பம் ஊரார் முன் கூனிக் குறுகும். கடன் கொடுத்தவர் மறுநாளே வாசலில் நிற்பார். பெண் கேட்டு வந்தவர் தயங்குவார். அச்சிடாவிட்டால், மகிழ்ச்சியுள்ளவருக்கு மட்டுமே மடலில் இடமுண்டு என்று பொருளாகும். பெயர் சொல்வது ஒருவரை உயர்த்தவும் கூடும், தாழ்த்தவும் கூடும். இதனை அறியாது எழுதப்படும் மடல் சமூகத்தைக் கட்டாது, வம்புக்கு வித்திடும்.

இங்கே புனித இஞ்ஞாசியார் நமக்கு உதவுகிறார். 1542ஆம் ஆண்டு அவர் அருளாளர் பேதுரு பேபருக்கு மடல் எழுதும் முறை பற்றி விரிவாக அறிவுறுத்தினார் (திருத்தந்தை பிரான்சிஸ் 2013ஆம் ஆண்டு பேபரைப் புனிதராக அறிவித்தார்). அனைவருக்கும் காட்டத்தக்க செய்திகளை முதன்மை மடலில் கருத்தோடு எழுதுக; தனிப்பட்டவற்றை வேறு தாளில் எழுதி உடன்வைத்திடுக என்பது அவ்வறிவுரையின் சாரம். நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இவ்விதி இன்றும் பொருந்துகிறது.

அதன்படி நாங்கள் ஒரு முறையை வகுத்துக்கொண்டோம். துன்புறுவோரின் பெயர் அவரே விரும்பிக் கேட்டாலன்றி மடலில் இடம்பெறாது. 'இம்மாதம் நம்முள் சில குடும்பங்களுக்கு ஷிப்டு குறைந்துள்ளது. தெரிந்த இடத்தில் வேலை இருந்தால் சொல்லுங்கள். அரிசி, பருப்பு தர விரும்புவோர் அன்பியப் பொறுப்பாளரிடம் தாருங்கள்' என்று பொதுவாக எழுதப்படும். ஆனால் அக்குடும்பத்துக்குச் செல்லும் மடலோடு, உறையிலிட்ட தனித்தாள் ஒன்றும் செல்லும். பங்குத்தந்தை கைப்பட எழுதியது. அவர்கள் பெயரை விளித்துத் தொடங்குவது. எந்நாள் வீட்டுக்கு வருவார் என்று கூறுவது. அச்சிட்ட தாள் பங்கு முழுமைக்கும் உரிய முகம். தனித்தாள் அவ்வில்லத்துக்கு மட்டுமே உரிய முகம். இரண்டும் சேர்ந்தால்தான் மடல் முழுமை பெறுகிறது.

இதனால் எல்லாருக்கும் வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. ஒரு தாளால் அமெரிக்க வரியைக் குறைக்க முடியாது. நூல் விலையை இறக்க முடியாது. ஊர்விட்டுச் செல்வோர் இன்றும் செல்கின்றனர். ஆனால் இப்போது சொல்லிக்கொண்டு செல்கின்றனர். செல்லுமிடத்து முகவரியைத் தருகின்றனர். அம்முகவரிக்கு அடுத்த மாதமும் மடல் செல்கிறது.

தொடங்க விரும்புவோருக்கு

இத்தகைய மடலைத் தம் பங்கில் தொடங்க எண்ணுவோருக்குச் சில சொற்கள். மடல் குறித்த நாளில் வரவேண்டும். நிலையற்ற காலத்தில் நாள் தவறாது வரும் ஒன்று இருப்பதே பெரும் ஆறுதல். அது சுருக்கமாக இருக்கவேண்டும். எட்டுப் பக்க இதழாக்க முயன்றால் மூன்றாம் மாதமே நின்றுவிடும். அது நன்கொடையாளர் புகழ்ப் பட்டியலாகவோ கட்டட நிதி வேண்டுகோளாகவோ மாறிவிடலாகாது. ஒருவர் தம் பெயரிட்டுப் பொறுப்போடு எழுதவேண்டும். 'நிர்வாகம்' என்று கையொப்பமிட்ட தாளுக்கு எவரும் மறுமொழி எழுதுவதில்லை. மறுமொழி வந்தால் அதற்கு விடை செல்லவேண்டும்.

பங்குத்தந்தையர் மட்டுமன்றி ஒவ்வொரு குடும்பமும் இதனைச் செய்யலாம். உங்கள் தெருவில் ஈராண்டு வாழ்ந்து பெயர்ந்து சென்ற குடும்பம் ஒன்று நினைவுக்கு வருகிறதா? வளைகுடா நாட்டில் பணிபுரியும் தம்பி, விடுதியில் தங்கிப் படிக்கும் மகள், முதியோர் இல்லத்தில் இருக்கும் பெரியம்மா நினைவுக்கு வருகின்றனரா? இன்று இரவுச் செபம் முடிந்ததும், வீட்டிலுள்ளோர் கூடியமர்ந்து அவர்களுக்கு ஒரு தாள் எழுதுங்கள். வீட்டுச் செய்தி நான்கு வரி போதும். குழந்தைகளும் தத்தம் பெயரைத் தம் கையாலேயே எழுதட்டும். அப்பெயர்களை வெட்டியெடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளக்கூடியவர் ஒருவர், எங்கோ ஓர் அறையில் தனித்திருக்கலாம்.